சிறுதேரும் சிறு மோட்டாரும்

ஆனித் திருமஞ்சனத்தையும் மார்கழி ஆருத்திரா தரிசனத்தையும் ஒட்டிச் சிதம்பரத்தில் ஐந்து தேர்கள் நான்கு வீதிகளையும் வலம்வரும்போது, பெரியவர்கள் நடராஜப் பெருமானை நோக்கிக் கைகுவித்து நிற்க, சிறுவர்களின் கண்கள் பெரும்பாலும் சக்கரத்தின் அடியிலேயே நிலைத்திருக்கும். அச்சை வளைக்கும் அமைப்பேதும் இல்லாத அத்தனை பெரிய மரத்தேரை, வீதி மூலையில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தே திருப்பிவிடுகிற வித்தை அவர்களை வசீகரிக்கிறது.

குழந்தைகள் உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை கூறுகிறது; ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவமும் சிறுதேரே. நடைவண்டியைப் பிடித்து நடைபயின்றவர்கள் நம்மில் அநேகர். ஆனால் இவையெல்லாம் தச்சர் செய்து முடித்துத் தந்தவை. ஒட்டுப்பலகைத் துண்டுகளும் மோட்டாரும் பாட்டரியும் பல்சக்கரங்களும் தனித்தனியாகவே பெட்டியில் வந்து, அவற்றைச் சேர்த்து ஓடவைக்கும் பொறுப்பு குழந்தையையே சார்வதுதான் இக்காலத்து விசேஷம். ஜப்பானில் 1946-இல் மர வியாபாரமாகத் தொடங்கி, பிளாஸ்டிக் மாதிரிகளால் இன்று உலகப் புகழ்பெற்றுள்ள தாமியா நிறுவனமும் ஆதியில் மர மாதிரிகளையே செய்தது. நம் தேசத்தில், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொண்டே விஞ்ஞானம் கற்பித்த அரவிந்த் குப்தாவுக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இனி யந்திரத்தின் உள்ளே புகுவோம். 1.5 வோல்ட் பாட்டரிகள் இரண்டை இணைத்தால், சுமையில்லாத சிறு மோட்டார் நிமிஷத்திற்கு 6000 முறை சுழலும் என்று வைத்துக்கொள்வோம். அதன் அச்சில் நேரே சக்கரத்தைப் பொருத்தினாலோ, வேகம் இருந்தும் தள்ளும் பலம் போதாமல் வண்டி நின்ற இடத்திலேயே முனகும். 10 பல் சக்கரம் 60 பல் சக்கரத்தைச் சுழற்றும்போது வேகம் ஆறில் ஒன்றாகக் குறைய, உராய்வில் இழப்பது போகத் திருப்புவிசை ஏறத்தாழ ஆறு மடங்காகிறது. இவ்வாறு இருமுறை குறைத்தால் சுழற்சி நிமிஷத்திற்கு 167 ஆகும். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தோடு வண்டி விநாடிக்கு அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓடும். வேகத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்கும் இந்தத் தத்துவத்தை, பாடப்புத்தகத்தில் பலமுறை படித்தும் விளங்கிக்கொள்ளாத பிள்ளை, தன் வண்டி நகர மறுத்த ஒரு மாலையில் பிரத்தியட்சமாக உணர்ந்துவிடுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அச்சு கோணலாக இருக்கலாம். பற்கள் அளவுக்குமீறி நெருங்கி உராயலாம். கம்பிகள் மாறியதால் வண்டி பின்னோக்கிப் போகலாம். காரணத்தைத் தானே தேடும் அந்தப் பொழுதைப் பெற்றோர் அவசரப்பட்டுப் பறித்துவிடக் கூடாது. பக்கத்திற்கொன்றாக இரண்டு மோட்டார்களைப் பொருத்தி, ஒன்றை நிறுத்தி மற்றதை ஓடவிட்டால், முன்னச்சு வளையாமலே வண்டி திரும்பும். ஒரு பக்கம் தடைப்பட மறுபக்கம் முன்னேறுவதால் நிகழும் இத்திருப்பத்தையும், கீழவீதி மூலையில் தேருக்குக் கட்டை போடுகிறவர்களின் கைவரிசையையும் ஒரே பிள்ளை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு சிதம்பரத்தில் இருக்கிறது. இங்கும் கடலூரிலும் உள்ள பள்ளிகள், தேர்த்திருநாளுக்கு முந்தைய வாரத்தில் பிள்ளைகளைக்கொண்டு இப்படியொரு மரத்தேரைச் செய்விக்க வேண்டுமென்பது என் நெடுநாளைய ஆசை. பலகைக்குப் பெட்டியையே நம்பியிருக்க வேண்டியதில்லை. தச்சுப்பட்டறையில் கழிந்த துண்டுகளே போதும், மோட்டாரையும் பல்சக்கரங்களையும் மட்டும் வாங்கினால் சரி. பெட்டியாகவே வாங்குவோர், பசையால் நிரந்தரமாக ஒட்டுவதைக் காட்டிலும் திருகாணியால் இணைப்பதைத் தேர்ந்தெடுப்பது நலம். கழற்றி மறுபடி பூட்டலாம்.