சிறுநீரை ஆரஞ்சாக்கும் டிபி மாத்திரை: பயம் வேண்டாம், கவனம் வேண்டும்

காசநோய்க்கு மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்து, ரத்தம்தான் வருகிறதோ என்று பதறுபவர்கள் பலர். அது ரிஃபாம்பிசின் மருந்தின் சொந்த நிறம். வியர்வை, கண்ணீர், எச்சிலிலும் அது தெரியும்; உடம்புக்குக் கெடுதல் இல்லை.

பிரான்ஸின் தென்கடற்கரைப் பகுதி மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து, இத்தாலியின் மிலான் நகர ஆய்வகம் ஒன்று 1957-ல் ரிஃபாமைசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. வாய்வழி சாப்பிட ஏற்றதாக அதை மாற்றியமைத்தபோது 1960-களில் ரிஃபாம்பிசின் பிறந்தது.

எப்படிக் கொல்கிறது?

டிஎன்ஏவில் உள்ள தகவலை ஆர்என்ஏவாகப் படியெடுத்தால்தான் கிருமியால் புரதம் தயாரிக்க முடியும். படியெடுக்கும் நொதியின் பெயர் ஆர்என்ஏ பாலிமரேஸ். ரிஃபாம்பிசின் அதில் ஒட்டிக்கொண்டு, ஆர்என்ஏ இழை நீளவிடாமல் தொடக்கத்திலேயே தடுக்கிறது. மனித செல்லில் உள்ள நொதியின் அமைப்பு வேறு என்பதால் அதை இது தடுப்பதில்லை.

பெரும்பாலும் உறங்கிக்கிடந்து, அவ்வப்போது மட்டும் விழிக்கும் கிருமிகளையும் இது அழிக்கும். ஒன்றரை ஆண்டு நீண்ட சிகிச்சை, பைரசினமைடு என்ற மருந்தும் சேர்ந்தபோது ஆறு மாதமாகச் சுருங்கியதற்கு இதுவே காரணம்.

கல்லீரலில் நடப்பது

மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை ரிஃபாம்பிசின் பெருக்கிவிடும். கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், சில சர்க்கரை நோய் மாத்திரைகள், சில எச்ஐவி மருந்துகள் ஆகியவற்றின் வீரியம் இதனால் குறையும். வேறு எந்த மாத்திரை சாப்பிட்டாலும் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். கருத்தடைக்கு மாற்று வழியும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டுடன் எடுத்தால் மருந்து ரத்தத்தில் சேர்வது குறையும் என்பதால் வெறும் வயிற்றில் எடுப்பதே நல்லது. கண் மஞ்சளாவது, விடாத வாந்தி, பசியின்மை ஆகியவை கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பாதியில் நிறுத்தினால்?

கிருமியின் ஆர்பிஓபி என்ற மரபணுவில் சிறு மாற்றம் ஏற்பட்டாலே ரிஃபாம்பிசினால் ஆர்என்ஏ பாலிமரேஸில் ஒட்ட முடியாது. இந்த மாற்றத்தை 'சிபிநாட்' சளிப் பரிசோதனை சுமார் இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடும். ரிஃபாம்பிசினைத் தனி மருந்தாகக் கொடுத்தாலோ, சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினாலோ எதிர்ப்புள்ள கிருமிகள் விரைவில் பெருகும். அதனால்தான் அதை ஐசோனியசிட், பைரசினமைடு, எத்தாம்புடால் ஆகியவற்றுடன் கூட்டாகத் தருகிறார்கள்.

இருமல் நின்றுவிட்டது என்று நீங்களே மாத்திரையை நிறுத்தாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. மருத்துவர் சொன்ன கடைசி நாள் வரை சாப்பிடுங்கள்.