லயத்துக்கு வெளியே ஒரு வீடு

நெல்லியாம்பதி முதல் மூணாறு, வண்டிப்பெரியாறு வரையுள்ள மலைத்தோட்டங்களுக்குப் பிழைப்பை நாடித் தலைமுறை தலைமுறையாக ஏறிச்சென்ற தமிழ் ஜனங்களின் வாசஸ்தலங்களைப் பார்க்கும்போது, அந்நிய ஆட்சி அகன்ற பின்பும் அது வகுத்துவைத்த குடியிருப்பு முறை மட்டும் அகலவில்லை என்ற உண்மை நெஞ்சை உறுத்துகிறது. 1877-ல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்குப் பெற்றதைத் தொடர்ந்து எழுந்த அந்தத் தோட்ட உலகில், குன்றின்மேல் துரைக்குப் பங்களாவும், சரிவிலே கொழுந்து கிள்ளுபவளுக்கு ஓரறையும் சமையற்கட்டும் கொண்ட லயம் என்னும் வரிசைவீடும் விதிக்கப்பட்டன. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தரும் கடமையை முதலாளிமேல் சுமத்தியது மெய்தான். ஆனால் அந்த வீடு வேலையோடு பிணைந்தது. வேலை முடிந்தால் ஒப்படைத்துவிட்டு இறங்க வேண்டியது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தபோது 70 உயிர்கள் போயின. மாண்டவர்களில் பலர் தமிழகத்தின் கயத்தாற்றைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள்.

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கும் இவ்வாறே உழைப்பவரை ஒதுக்கிவைத்து எழும்பிய நகரம். அங்கே பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை போதித்து, பின்னர் கானாவின் அக்ராவில் ஒரு கல்வி நிறுவனத்தையும் ஸ்தாபித்த லெஸ்லி லோக்கோ, 2023-ல் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியை நடத்தி ஆப்பிரிக்கக் கட்டடக் கலைஞர்களின் சிந்தனையை உலகத்தின் முன் வைத்தார். நம் மலையிலும் கட்டடக்கலையில் அத்தகைய மாற்றுச் சிந்தனை இல்லாமற்போகவில்லை. பர்மிங்ஹாமில் பிறந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், 1960-களில் தம் மனைவி டாக்டர் எலிசபெத்துடன் இடுக்கியின் வாகமண்ணில் வாழ்ந்தார். 5 மைலுக்குள் கிடைக்கும் பொருள்களாலேயே வீடு கட்டவேண்டுமென்ற காந்தியடிகளின் வாக்கை விரதமாகக் கொண்ட அவர், குடியிருக்கப் போகிறவரோடு பேசிப் பழகாமல் வரைபடம் போட மறுத்தார்; 1985-ல் முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், பொருளியல் அறிஞர் கே.என்.ராஜ் முதலியோருடன் காஸ்ட்ஃபோர்டு என்ற ஊரக மேம்பாட்டுத் தொழில்நுட்ப அமைப்பைத் தொடங்கி இளைஞர்க்கும் அந்த வழியைக் கற்பித்தார்.

பேக்கரின் பெயரைப் போற்றும் கேரளம் குடியிருப்பவரைக் கேட்டு வரையும் அவருடைய அந்த ஒரு வழக்கத்தை லயங்களுக்குள் கொண்டுசெல்லாதது பெரும் குறையென்பது என் திடமான அபிப்பிராயம். வயதுவந்த பெண்ணுக்கு மறைவிடம் எங்கே, மழைக்காலத்தில் விறகு எங்கே, எந்தச் சரிவு இளகும் மண் என்பவற்றையெல்லாம் லயத்துப் பெண்களைக் கேட்டே புதிய வீடுகள் வரையப்பட வேண்டும். பட்டாவும் அவர்கள் பெயரிலேயே எழுதப்பட வேண்டும்.