ஜெயிலா, ஆஸ்பத்திரியா?
போதைக்கு அடிமையானவருக்குச் சட்டம் திறந்து வைத்த கதவு!

தளி! கர்நாடக எல்லையோரம் குளிர்ந்த காற்றும் ரோஜாத் தோட்டங்களும் உள்ள ஊர். "சின்ன இங்கிலாந்து" என்று ஒரு பட்டப்பெயரும் அதற்கு உண்டு.

அங்கிருந்து ஓசூர் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். பெங்களூருக்கும் போகிறார்கள்.

அப்படிப் போன வாலிபர் ஒருவர் ஹெராயின் பொட்டலத்துடன் பிடிபட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் விற்கிறவர் அல்ல. அந்தப் பொடி இல்லாமல் இருக்க முடியாதவர்.

இரவு வருகிறது. லாக்கப்பில் அவருக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி. மூக்கு ஒழுகுகிறது. உடம்பெல்லாம் புல்லரிக்கிறது. எலும்புக்குள் திருகுவது போல வலி. வயிற்றுப்போக்கு வேறு!

"நடிக்கிறான்" என்பார்கள். நடிப்பு அல்ல. அபின், மார்பின், ஹெராயின், சில வலி மாத்திரைகள் எல்லாம் ஒரே குடும்பம். தினமும் உள்ளே போனது திடீரென்று நின்றால் உடம்பு இப்படித்தான் கூப்பாடு போடும்.

வெளியே தாயார் நிற்கிறாள். மகனுக்கு இனி ஜெயில்தானா?

64-ஏ பிரிவு

1985-ல் வந்த போதைப் பொருள் சட்டம் கடுமையானது. ஹெராயினை உபயோகித்தாலே ஓராண்டு வரை ஜெயில், அல்லது 20 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வலி மாத்திரையான ட்ரமடாலும் 2018-ல் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

ஆனால் அதே சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. உபயோகித்ததற்காகவோ, சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமை, தானாக முன்வந்து, அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்காக அவர் மீது வழக்கு நடத்த முடியாது! சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தச் சலுகை பறிபோகலாம்.

குற்றவாளி என்று தீர்ப்பான பிறகும் வழி உண்டு. 39-வது பிரிவின்படி, அவர் சம்மதித்தால், தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. வக்கீலிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லிக் கேட்க வேண்டும். அவராகச் சொல்வார் என்று காத்திருக்கக் கூடாது.

"சிறு அளவு" என்றால் எவ்வளவு? ஹெராயின் 5 கிராம். அபின் 25 கிராம். இதில் ஒரு சிக்கல்! பொட்டலத்தில் பாதிக்கு மேல் கலப்படமாக இருந்தாலும் மொத்த எடைதான் கணக்கு. 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. ஏமாந்து மாவை வாங்கியவனுக்கும் மாவின் எடை சேரும்.

நாக்கின் அடியில் ஒரு மாத்திரை

1964-ல் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு டாக்டர்கள், ஹெராயின் அடிமைகளுக்கு மெதடோன் என்ற மருந்தைத் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள். தவிப்பு அடங்கியது. பலர் வேலைக்குத் திரும்பினார்கள்.

இந்தியாவில் பெரும்பாலும் கொடுப்பது பியூப்ரநார்பின். நாக்கின் அடியில் வைத்துக் கரையவிட வேண்டிய மாத்திரை. சிகிச்சை மையத்தில் ஊழியர் கண்ணெதிரே கொடுக்கிறார்கள்.

"ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று கேட்பவர்கள் உண்டு. டாக்டர் அளந்து கொடுக்கும் மருந்தில் தலைகால் தெரியாத மயக்கம் இல்லை. ஊசியைப் பலர் மாற்றிப் போட்டுக்கொள்வதால் வரும் எய்ட்ஸ் பயமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் இந்த இரண்டையும் 2005-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

விடுதலை நாளில் ஆபத்து

ஜெயிலில் போட்டால் தானாகத் திருந்துவான் என்று நினைப்பது பெரிய தவறு. சிகிச்சை இல்லாமல் சில மாதம் இருந்தவனின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்ததும் பழைய ஞாபகத்தில் பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடும்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களை ஆராய்ந்து 2007-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். முதல் இரண்டு வாரங்களில் போதை மருந்து அளவு மீறிச் சாகும் ஆபத்து, மற்ற மக்களைவிட 129 மடங்கு!

இந்தியாவில் அபின் வகைப் போதையால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுகிறவர்கள் சுமார் 77 லட்சம் பேர் என்று 2019-ல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பு கூறியது.

தளியில் இருப்பவர்கள் எங்கே போவது? ஓசூர் வந்து பெங்களூர் போகும் ரோட்டில் போனால், அதே ஓசூர் ரோட்டில் மத்திய அரசின் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. போதை அடிமைகளுக்கு அங்கே தனிப் பிரிவு உண்டு. புறப்படுமுன் 14446 என்ற எண்ணில் கேட்டுக்கொள்ளலாம். பேசக் காசு கிடையாது.