ஹாஜிமார் வந்த வீட்டில் காய்ச்சல் கண்டால்

சகோதரிகளே! ஹஜ், உம்றா முடித்து வந்த வாப்பாவுக்கோ மாமிக்கோ காய்ச்சலும் இருமலும் கண்டால், பயணக் களைப்பு என்று கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறோம். பெரும்பாலும் அது சாதாரணத் தடிமன்தான். ஆனாலும் வைத்தியரிடம் போனால், எந்த நாட்டிலிருந்து எத்தனையாம் திகதி வந்தார் என்பதை அவர் கேட்கும்வரை காத்திராமல் சொல்லிவிடுங்கள்.

2012இல் சவூதி அரேபியாவில் கண்டறியப்பட்ட 'மேர்ஸ்' வைரஸ், 2015 மே மாதம் ஒரேயொரு பிரயாணியுடன் தென் கொரியாவுக்குப் போனது. மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய அவர் சுகமில்லாமல் பல வைத்தியசாலைகளுக்கு ஏறி இறங்கினார். நோய் இன்னதென்று தெரிந்தது மே 20இல்தான். அதற்குள் அது மற்ற நோயாளிகளிடம் பரவத் தொடங்கிவிட்டது. சியோலில் ஒரு பெரிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் மட்டும், ஒரே நோயாளியிடமிருந்து 80க்கு மேற்பட்டோருக்குத் தொற்றியது. துணைக்கு நின்றவர்களும் நலம் விசாரிக்கப் போனவர்களும் அதில் அடக்கம். மொத்தம் 186 பேர் நோயுற்றனர்; 38 பேர் இறந்தனர்.

அதே ஆண்டு ஜூனில் ஓமானிலிருந்து சிகிச்சைக்காக பாங்கொக் சென்ற முதியவருக்கும் இதே நோய். அங்கு விரைவாகப் பரிசோதித்து, கூட வந்த உறவினரையும் வேறாக்கினார்கள். வேறெவருக்கும் பரவவில்லை.

ஒட்டகத்திலிருந்தும் இது தொற்றும். பயணம் போவோரிடம் ஒட்டகப் பண்ணைக்குப் போக வேண்டாம், காய்ச்சாத பால் குடிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். வந்து 14 நாட்களுக்குள் காய்ச்சல் கண்டால், ஹாஜியாரிடம் துஆ கேட்க வருவோரைச் சுகமானபின் வரச் சொல்லுங்கள். முகம் சுளிப்போரும் இருப்பார்கள்தான், சுளிக்கட்டும்.