சம்பளம் கிடையாது... பூ உண்டு!

‘கல்லறையில் பூச்செடி நட்டு வளர்க்க ஆட்கள் தேவை. சம்பளம் கிடையாது. உள்ளே படுத்திருப்பவர் உங்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.’

நம்ம ஊரில் இப்படி ஒரு விளம்பரம் கொடுத்துப் பாருங்கள். ‘‘ஏன் தம்பி, உடம்புக்கு ஏதும் சரியில்லையா?’’ என்று விசாரிப்பார்கள். இழவு வீட்டுக்குப் போய்த் திரும்பினாலே, ‘‘குளிச்சுட்டு உள்ளே வா’’ என்று கொல்லைப்புறத்தைக் காட்டுகிறவர்கள் ஆயிற்றே நாம்!

ஆனால், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் இந்த வேலைக்கு ஆசையாக வந்து பெயர் கொடுக்கிறார்கள், சார்!

நகரின் மேற்குப் பகுதியில் இருக்கிறது ‘தி உட்லண்ட்ஸ்’. 54 ஏக்கர். ஒரு காலத்தில் வில்லியம் ஹாமில்டன் என்கிற பணக்காரரின் பண்ணை. மனிதருக்குச் செடிப் பைத்தியம். எந்த தேசத்துச் செடியானாலும் தன் தோட்டத்தில் இருந்தாக வேண்டும். சீனாவைத் தாயகமாகக் கொண்ட ‘சொர்க்க மரம்’ என்ற ஒன்றை 1784-ல் அமெரிக்காவுக்கு முதலில் கொண்டுவந்தவர் இவர்தான் என்கிறார்கள். பெயர்தான் சொர்க்கம்... இன்றைக்கு அந்த ஊர்க்காரர்களுக்கு அது நம்ம சீமைக் கருவேலம் மாதிரி. வெட்ட வெட்ட முளைக்கிறது!

1813-ல் ஹாமில்டன் காலமானார். 1840-ல் அந்த இடம் கல்லறைத் தோட்டமானது. இங்குள்ள கல்லறைகளில் ஒரு வகை விசேஷமானது. தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல், இரண்டையும் சேர்த்துப் பக்கவாட்டில் தாழ்வான கல் விளிம்பு. பார்க்க, மெத்தை எடுத்துவிட்ட கட்டில் மாதிரி இருக்கும். ‘தொட்டில் கல்லறை’ என்று பெயர். நடுவே மண். அதில் பூச்செடி வைப்பது அந்தக் காலத்து வழக்கம். ஊரில் பொதுப் பூங்காக்கள் அபூர்வமாக இருந்த காலம். குடும்பத்தோடு கல்லறைத் தோட்டத்துக்கு வந்து, செடியைக் கவனித்து, காற்று வாங்கிவிட்டுப் போவார்கள்.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் வரவு - செலவுதான் ஞாபகம் வரும். அந்தக் கணக்கில் கல்லறை ரொம்ப விசித்திரமான சமாசாரம். இடத்தை விற்கும்போது வரவு ஒரே ஒரு தடவை. பராமரிப்புச் செலவோ, உலகம் உள்ளவரைக்கும்! மகன் இருக்கிறவரை பூ இருக்கும். பேரன் நல்ல நாளுக்கு வருவான். கொள்ளுப்பேரன் வேலை தேடி வேறு ஊருக்குப் போனால் அப்புறம் புல்தான். உட்லண்ட்ஸிலும் அதுதான் நடந்தது. பூப்பாத்திகள் எல்லாம் புல் மூடிக் கிடந்தன.

2016-ல் நிர்வாகம் ஒரு யோசனை செய்தது. விருப்பமுள்ள பொதுமக்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு கல்லறையை ஒப்படைப்பது. சும்மா இல்லை, முதலில் வகுப்பு உண்டு. அந்தக் காலத்துத் தோட்டக்கலை, கல்லறையின் சரித்திரம் எல்லாம் சொல்லித் தருவார்கள். நடுகிற செடியும் அந்த விக்டோரியா காலத்து வழக்கத்துக்கு ஒத்துப்போக வேண்டும். இஷ்டத்துக்குப் பிளாஸ்டிக் பூ சொருகக் கூடாது!

இதில் என்னைத் தொட்டது வேறு விஷயம். வருகிறவர்கள் புல்லைக் கொத்தி, மண்ணைப் போட்டுச் செடி நட்டதோடு நிற்பதில்லை. ‘நம்ம ஆள்’ யாரென்று பழைய பதிவேடுகளைப் புரட்டித் தேடுகிறார்கள். என்ன வேலை பார்த்தார், எந்தத் தெருவில் குடியிருந்தார், எத்தனை பிள்ளைகள்... செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆனவரைப் பற்றி!

நாமும் முன்னோரை மறக்கிறவர்கள் இல்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கல்லறையைக் கழுவி, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுகின்றன. அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கிறோம். ஆனால், அதெல்லாம் ரத்த சொந்தத்துக்கு. தர்ப்பணத்திலும் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறைப் பெயரோடு கணக்கு முடிந்துவிடும். அதற்கு மேல் யாருக்குப் பெயர் தெரிகிறது? ‘கொள்ளி வைக்க ஒரு பிள்ளை இல்லையே’ என்று ஏங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளை இருந்தால் மட்டும் எத்தனை காலத்துக்கு?

அந்தக் கணக்கு முடிகிற இடத்தில்தான் உட்லண்ட்ஸ்காரர்கள் மண்வெட்டியோடு வந்து நிற்கிறார்கள். சொத்து கிடைக்கப் போவதில்லை. படுத்திருப்பவர் எழுந்து நன்றி சொல்லப் போவதும் இல்லை. வரவுப் பக்கத்தில் எழுத எதுவுமே கிடையாது.

இலையுதிர் காலத்தில் டாஃபடில் கிழங்கைப் புதைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். பனிக்காலம் போனதும் அது பூக்கும்.

உங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் என்ன சார்?

யோசியுங்கள். அவசரம் இல்லை.