கிறித்தவர் கூறும் பாவ விடுதலை

கொல்லிமலையில் குண்டூர் நாடு முதலாக 14 நாடுகள் உள. திருநாவுக்கரசரின் தேவாரத்தில் வைப்புத்தலமாக வந்த அறைப்பள்ளியும் அம்மலையினதே. ஆங்கிலப் பாதிரியாராகிய ஜெசி பிராண்டும் அவர் மனைவியார் ஈவ்லினும் 1913-இல் அம்மலையேறி, வாழவந்தி நாட்டில் இல்லம் அமைத்து, மலையாளி மக்களுக்கு மருத்துவத் தொண்டு செய்துகொண்டே பாவ விடுதலையைப் போதித்தனர். அவ் விடுதலை யாதென ஆராய்வாம்.

கிறித்தவர் பாவம் என்பது தீச்செயலை மட்டுமன்று; ஆதாம் ஆணை மீறியதனால் மக்கட் குலம் முழுதும் வீழ்ந்த நிலையையுமாம். இதனை நம் ஆணவ மலத்தோடு ஒன்றெனக் கொள்வார் உளர். அது பொருந்தாது. ஆணவம் அநாதி, செம்பிற் களிம்புபோல உயிரோடு உடன் உள்ளது, எவர் குற்றத்தாலும் வந்ததன்று. பாவமோ தொடக்கமுடையது, இறைவன் ஆணைக்கு மாறாகிய குற்றம். களிம்பு நீக்கப்படல் வேண்டும். குற்றமோ தண்டிக்கப்படுதல் அல்லது மன்னிக்கப்படுதல் வேண்டும். ஆதலின் அத்தண்டனையை இயேசு சிலுவையில் ஏற்றார் என்றும், அவரை நம்புவோன் நீதிமானாக எண்ணப்படுவான் என்றும் அவர் கூறுவர்.

ஒருவர் வினையை மற்றொருவர் சுமத்தல் யாங்ஙனம் எனச் சைவர் வினவுதல் இயல்பே. எனினும், தீக்கையில் குரு சஞ்சிதத்தை அறுப்பர் எனக் கொள்ளும் நாம், வினை பிறரால் நீங்காது என்று வாளா மறுத்தல் கூடாது. குரு அதனைத் தாம் நுகர்ந்து தீர்த்தாரல்லர், அருளால் எரித்தார் என்பதே ஈண்டு வேறுபாடு.

மன்னிப்பு எளிதிற் கிடைக்குமாயின் பாவஞ் செய்தல் மிகாதோ? இவ்வினாவை உரோமருக்கு எழுதிய நிருபத்திற் பவுலே எழுப்பி விடையிறுக்கின்றார். அவர் கருத்தின்படி விடுதலையாவது தன் மனம்போல் வாழ்தலன்று. பாவத்துக்கு அடிமையாயினோன் இறைவனுக்கு அடிமையாதல். ஆண்டான் மாறுகின்றான், அடிமைத்திறம் மாறுவதில்லை. ஆளுடைமையைப் போற்றும் சைவர்க்கு அவர் கொள்கை மிக அணுகி நிற்குமிடம் இதுவே.

மலைமக்கள் நெடுங்காலம் இப்போதனையை ஏற்றிலர். 1918-ஐ ஒட்டிப் பரவிய இன்புளுயன்சா விஷசுரத்தில், அவர்களை எதிர்த்துநின்ற பூசாரி ஒருவர் சாகுந் தறுவாயில் தம் பெண்மகவை அவர்களிடமே ஒப்புவித்தார் என ஈவ்லினின் வரலாறு கூறும். அவரை அசைத்தது கோட்பாடோ, நோய்க்கஞ்சாது வாயிலில் வந்துநின்ற அன்போ? பின்னதே என்னலாம்.

கிறித்தவர்க்குப் பிறவி ஒன்றே. மலபரிபாகம் வரும்வரை பல பிறவி உண்டெனும் ஆறுதல் அவர்க்கில்லை. இன்று கேளாதவன் என்றும் கேளான் என்னும் கவலை அவரை உந்தும். காய்ச்சல் மிக்க அம்மலையை விடாதிருந்த ஜெசி 1929 ஜூன் 15-இல் கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். ஈவ்லின் சங்கப் பணியினின்று ஓய்வு பெற்ற பின்னரும் மலைமக்களிடையே தொண்டாற்றி, 1974-இல் தமது 95-ஆம் வயதில் மறைந்து, கணவர் கல்லறையருகே அடக்கம் செய்யப்பெற்றார்.