நீதிமன்றத்தைக் காக்கும் ஷெரீப்

‘ஷெரீப்’ என்றதும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழர்க்கு நினைவில் எழுவது, நகரப் பெருமக்களுள் ஒருவர் ஏற்கும் கௌரவப் பதவியே ஆகும். சென்னையிலும் அப்பதவி 1998 வரை இருந்தது. ஆனால் கனடாவின் மேலைக் கடற்கரை மாகாணமாகிய பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஷெரீப் என்பவர் அலங்காரப் பதவியினர் அல்லர். நாள்தோறும் சீருடை அணிந்து நீதிமன்றத்தைக் காக்கும் அரசு ஊழியர்.

நம் நாட்டில் கைதியை நீதிமன்றத்திற்கு அழைத்து வருவோர் போலீசார். தீர்ப்பை நிறைவேற்ற வீட்டு வாயிலில் வந்து நிற்பவர் அமீனா. அங்கோ, கைதியைச் சிறையிலிருந்து அழைத்து வருதல், நீதிபதிக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பளித்தல், நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றுதல் ஆகியவை ஷெரீப்பின் கடமைகள். ஜூரிகளாக அமரத்தக்க குடிமக்களுக்கு அழைப்பு அனுப்புவதும் அவர் பொறுப்பே. குற்ற வழக்கில் ஜூரிகள் பன்னிருவரும் தனியறையில் கூடி முடிவை ஆராயுங்கால், வெளியார் எவரும் அணுகாவண்ணம் காத்து நிற்பவரும் அவரே.

இப்பணியை விழைவோர் முதலில் உடல்வலிமைத் தேர்வில் தேற வேண்டும். பின்னர் நியூ வெஸ்ட்மின்ஸ்டர் நகரிலுள்ள நீதித்துறைப் பயிற்சிக் கழகத்தில் சட்டம், நீதிமன்ற நடைமுறை, முதலுதவி, தற்காப்பு, துப்பாக்கி ஆகியவற்றில் பயில்கின்றனர். சினந்தெழுவோரை இன்சொல்லால் தணிக்கும் முறையும் கற்பிக்கப்படுகிறது. அச்சமும் துயரமும் நிறைந்த நீதிமன்றத்தில், கைவலிமையைக் காட்டிலும் நாவடக்கமே பன்முறை பயன்படுகிறது அன்றோ?

இவர்தம் இன்றியமையாமை 2017-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் கனடாவின் உச்ச நீதிமன்றம், கீழ் நீதிமன்ற வழக்குகள் 18 மாதங்களிலும், மேல் நீதிமன்ற வழக்குகள் பொதுவாக 30 மாதங்களிலும் முடிதல் வேண்டும் என வரம்பு வகுத்திருந்தது. இந்நிலையில் ஷெரீப்புகளின் எண்ணிக்கை குறைந்தமையால் மாகாணத்தின் வழக்குகள் தடைப்பட்டன. தலைநகராகிய விக்டோரியாவில் ஷெரீப் கிடைக்காத காரணத்தால், போதைப்பொருள் வழக்கு ஒன்றை நீதிபதி நிறுத்திவிட்டார். குற்றஞ்சாட்டப்பட்டவர் விசாரணையின்றியே வெளியேறினார். ஆட்களுக்குப் பயிற்சியளித்துச் சேர்ப்பதற்குக் காலம் வேண்டுமாதலின், அக்குறையை ஒரே நாளில் நீக்க இயலவில்லை.

நீதிமன்றம் என்றதும் நாம் நீதிபதியையும் வழக்கறிஞரையுமே எண்ணுகிறோம். கதவருகே அமைதியாய் நிற்கும் காவலர் இல்லையேல், அவ்விருவர்தம் அறிவும் அவையேற வழியில்லை. சட்டம் ஏட்டில் சிறந்து விளங்கினால் மட்டும் போதாது. அதனை நடைமுறைக்குக் கொணரும் எளிய ஊழியர்களையும் அரசு பேணுதல் வேண்டும். எந்நாட்டினர்க்கும் பொருந்தும் பாடம் இது.